குதிரை முதுகில் எழுதப்பட்ட நாட்குறிப்பு

ஜான் வெஸ்லி என்னும் பெயர் நம் வாசகருள் பலருக்கு ஒரு பள்ளியின் பெயராகவே அறிமுகமாகியிருக்கும். சென்னை இராயப்பேட்டையிலும் மன்னார்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் அவர் வழிவந்த மறைப்பணியாளர் கல்விக்கூடங்கள் அமைத்தனர். 1814-இல் இலங்கைக்கு வந்த அவ்வியக்கம் சில ஆண்டுகளில் சென்னையையும் எட்டியது. ஆனால் அந்த மனிதர் 1735 முதல் 1790 வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள் விடாது எழுதிப் பகுதி பகுதியாக அச்சிட்ட நாட்குறிப்பை நம்மவர் தொட்டதில்லை. பிரிந்த சகோதரர் ஒருவரின் நூல் நமக்கெதற்கு என்று கேட்போர் இருப்பர். நம்மைப் பற்றி அவர் அன்போடும் எழுதினார், கடுமையோடும் எழுதினார்; அவ்விரண்டையும் ஒரே மனிதரிடம் காண்பது நமக்குப் பயன்தரும்.

வெஸ்லி 1703-இல் இங்கிலாந்தின் எப்வொர்த் ஊரில் பிறந்தார். தந்தை சாமுவேல் அங்கே ஆங்கிலிக்கன் பங்குக் குரு. தாய் சூசன்னா, அரசுத் திருச்சபையை விட்டு வெளியேற்றப்பட்ட போதகர் ஒருவரின் மகள். பத்தொன்பது பிள்ளைகளுள் இவர் பதினைந்தாமவர். ஐந்து வயதில், 1709-இல், குருமனை தீப்பற்றியபோது மேல்மாடிச் சாளரத்தின் வழியே மீட்கப்பட்டார். நெருப்பிலிருந்து எடுக்கப்பட்ட கொள்ளி என்னும் செக்கரியா இறைவாக்கினரின் சொல்லைத் தமக்கே உரியதாகக் கொண்டார். ஆக்ஸ்போர்டில் கற்று, 1728-இல் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் அவரை வளர்த்த நூல்களுள் ஒன்று, நம் வீடுகளில் 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' என்று வழங்கும் தாமஸ் அ கெம்பிசின் நூல். அதனைத் தாமே ஆங்கிலத்தில் பதிப்பித்தார். பின்னர், பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கப் பொதுநிலையினரான தெ ரெந்தி பிரபுவின் வாழ்க்கை வரலாற்றையும் சுருக்கி வெளியிட்டார். சீர்திருத்தச் சபையின் பெருந்தூண் ஒருவர் பாதி நம் அலமாரியிலிருந்து உருவானார் என்பதை அவர்களும் அதிகம் பேசுவதில்லை, நாமும் பேசுவதில்லை.

நாட்குறிப்பின் தொடக்கப் பகுதி தோல்வியின் கதை. அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மறைப்பணியாற்றச் சென்றவர், கப்பல் புயலில் சிக்கியபோது தமக்குள் மரண பயத்தைக் கண்டார். அருகில் அமைதியாகப் பாடிக்கொண்டிருந்த மொராவிய சபையாரைக் கண்டு வெட்கினார். ஜார்ஜியாவில், தாம் விரும்பிய பெண் வேறொருவரை மணந்தபின் அவளுக்கு நற்கருணை மறுத்தார், வழக்கு வந்தது, 1737 இறுதியில் நாடு திரும்பப் புறப்பட்டார். இந்த நிகழ்ச்சியை அவர் சொல்லும் விதம் நமக்கு உவப்பாயில்லை. திருச்சபை ஒழுங்கு என்னும் போர்வைக்குள் புண்பட்ட மனம் தெரிகிறது. அதை அவர் மட்டும் காணவில்லை. தம் பக்க நியாயத்தை நீட்டி எழுதுமிடங்களில் எல்லாம் இந்நூல் சரிகிறது.

1738 மே 24-ஆம் நாள் மாலை இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்திற்கு மனமில்லாமல் சென்றார். உரோமையர் திருமுகத்திற்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்தார். மணி ஒன்பதாகக் கால்மணி இருக்கையில் தம் உள்ளம் கதகதப்புற்றதாகவும், கிறிஸ்து ஒருவரையே தம் மீட்புக்கு நம்புவதாக உணர்ந்ததாகவும் குறிக்கிறார். குருவாகிப் பத்தாண்டுகள் கழிந்தபின் நேர்ந்தது இது. நம்பிக்கையினால் மட்டுமே மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவராகின்றனர், அந்த உறுதியைத் தூய ஆவி உள்ளத்திலேயே தருகிறார் என்னும் அவரது அடிப்படைக் கோட்பாடுகள் இங்கிருந்தே உயிர்பெறுகின்றன.

ஆயினும் அவரை லூத்தரின் எதிரொலி என்று ஒதுக்கிவிடலாகாது. மூன்றே ஆண்டுகளில் லூத்தரின் கலாத்தியர் விளக்கவுரையைப் படித்து, அது நற்செயல்களையும் திருச்சட்டத்தையும் இழித்துப் பேசுவதாகச் சினந்தார். சிலரைக் கடவுள் முன்கூட்டியே அழிவுக்குக் குறித்துவிட்டார் என்னும் கால்வினின் போதனையை 1739-இலேயே வன்மையாக எதிர்த்து, அதன் பொருட்டு நண்பர் ஜார்ஜ் வைட்ஃபீல்டோடு பிணங்கினார். அருள் எல்லாருக்கும் உரியது. அதனை ஏற்றவர் தூய்மையில் வளர்ந்து நிறைவன்பை எட்ட வேண்டும். நற்கருணையை அடிக்கடி பெற வேண்டும் என்று வலியுறுத்தினார். திரிதெந்து பொதுச்சங்கத்தின் ஏற்புடைமைப் போதனையைக் கற்றவருக்கு இவற்றுள் பல அயலாகத் தோன்றா. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் 1999-இல் கையெழுத்திட்ட ஏற்புடைமை பற்றிய கூட்டறிக்கையில் 2006-இல் சியோலில் மெதடிஸ்டுகளும் இணைந்தது வியப்பன்று. ஆனால் ஆயர் வழிவரும் அதிகாரத்தை அவர் கைவிட்ட இடம் நமக்கு உடன்பாடன்று. 1784-இல், ஆயராக இல்லாமலே, அமெரிக்காவுக்கென்று பணியாளரைத் திருநிலைப்படுத்தினார். உடன்பிறந்த சார்லஸே அதனை எதிர்த்தார்.

1739-இல் பிரிஸ்டலில் திறந்தவெளியில் போதிக்கத் தொடங்கியவர் அதன்பின் ஓரிடத்தில் தங்கவில்லை. சுமார் 2,50,000 மைல் பயணம், 40,000 மறையுரைகள் என்று கணக்கிடுவர். கடிவாளத்தைத் தளரவிட்டு, குதிரைமேல் அமர்ந்தபடியே நூல்கள் படித்தார். 1742-இல் சொந்த ஊர்க் கோவிலில் போதிக்க இடம் மறுக்கப்பட்டபோது, தந்தையின் கல்லறைமீது நின்று போதித்தார். இத்தகைய காட்சிகளைச் சில வரிகளில் முடித்துவிடும் சிக்கனமே இந்நூலின் அழகு. குறையும் அதுவே. புனித அகுஸ்தினார் போலத் தம் உள்ளத்தைத் திறந்து காட்டும் எழுத்தன்று இது. 1781-இல், பிரிந்து வாழ்ந்த மனைவியின் இறப்புச் செய்தி அடக்கம் முடிந்தபின் தமக்குத் தெரிந்தது என்று குறித்துவிட்டு நகர்கிறார். அந்த மௌனம் நம்மை வருத்துகிறது.

இனி நம்மைப் பற்றியது. 1749-இல், அயர்லாந்தின் கார்க் நகரில் மெதடிஸ்டுகள் தாக்கப்பட்ட காலத்தில், டப்ளினிலிருந்து கத்தோலிக்கர் ஒருவருக்கு முகவரியிட்டதுபோல் ஒரு மடல் வெளியிட்டார். இருவருக்கும் பொதுவான நம்பிக்கையை அதில் விரித்துரைத்து, மரியா என்றும் கன்னியாயிருந்ததையும் ஏற்கிறார். ஒருவரையொருவர் புண்படுத்தாதிருப்போம், ஒருவருக்காக ஒருவர் மன்றாடுவோம் என வேண்டுகிறார். அதே கை 1780 சனவரியில், கத்தோலிக்கர் வாக்குக் காப்பாற்ற மாட்டார். ஆதலால் கத்தோலிக்கமல்லாத எந்த அரசும் அவர்களைச் சகித்தல் ஆகாது என்று செய்தித்தாளுக்கு எழுதியது. எவரையும் தாம் துன்புறுத்தவில்லை என்றும் சொல்லிக்கொண்டார். அவ்வாண்டு சூனில் இலண்டனில் கத்தோலிக்கச் சிற்றாலயங்கள் எரிந்தன. கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அத்தீயை வெஸ்லி மூட்டினார் என்பது நேர்மையாகாது. ஆனால் காற்று எத்திசையில் வீசியது என்பதை அவர் அறியாதவரல்லர். 1749-ஆம் ஆண்டு மடலை மட்டும் எடுத்துப் போற்றுவோர் 1780-ஐயும் படித்தாக வேண்டும்.

அக்கடிதத்துக்கு மறுப்பு எழுதியவர் ஆர்தர் ஓ'லியரி என்னும் அயர்லாந்துக் கப்புச்சின் துறவி. நகைச்சுவையும் கூர்மையும் நிறைந்த எழுத்து அவருடையது. 1787 மே மாதம் கார்க் நகரில் ஒருவர் வெஸ்லியைக் காலை உணவுக்கு அழைத்தார். அங்கே அந்த ஓ'லியரியும் இருந்தார். எண்பத்து மூன்று வயது வெஸ்லி அன்றைய குறிப்பில், தாம் எதிர்பார்த்த விறைப்பான மனிதர் அல்லர் இவர், பழகுவதற்கு இனியவர், அறிவும் கல்வியும் உடையவர் என்று எழுதுகிறார். தம் எதிர்பார்ப்புப் பொய்த்ததில் வருத்தமில்லை என்றும் சேர்க்கிறார். 1780-இல் அவர் எழுதியது கத்தோலிக்கம் என்னும் கருத்தை நோக்கி. 1787-இல் எதிரே அமர்ந்து உண்டவர் ஒரு மனிதர். அந்த மேசையில் என்ன பேசினார்கள் என்று அவர் எழுதிவைக்கவில்லை.