பாஸ் கொடுத்தே ஜெயித்தவர்

1958ல் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரி மாணவர் ஒருவரின் படத்தைப் போட்டது. ரக்பி, அமெரிக்கக் கால்பந்து, தடகளம் என எதையும் விட்டுவைக்காத பையன். பெயர் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன். பிறகு ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய் இலக்கியம் படித்தார், அங்கே குத்துச்சண்டையும் போட்டார். அமெரிக்க ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டிக் கேப்டனானார். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை கைக்கு வந்த நேரத்தில், 1965ல், எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குக் கிளம்பினார். கிடைத்தது கொலம்பியா ஸ்டுடியோவில் துப்புரவு வேலை. 1966ல் பாப் டிலன் அங்கே ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தபோது, இவர் சிகரெட் சாம்பல் கிண்ணங்களைக் காலி செய்துகொண்டிருந்தார்.

பாடகராக அவர் சராசரிதான். குரல் கரகரக்கும், சுருதி நழுவும், மேல் ஸ்தாயிப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார். ஆனால் அந்தக் குறைதான் அவர் எழுத்தை வடிவமைத்தது என்பது என் கணிப்பு. தன் குரலுக்கு அடங்கும்படி, பேச்சை ஒட்டிய மெட்டுகளையே போட்டார். அலங்காரம் இல்லாததால் பாட்டில் நிறைய இடம் காலியாக இருந்தது. நல்ல குரல்காரர்கள் அதில் புகுந்து விளையாடினார்கள். கோல் போடும் இடத்தில் பந்தை வைத்துவிட்டு ஒதுங்கும் நடு ஆட்டக்காரர் மாதிரி.

அவர் எழுதிய 'மீ அண்ட் பாபி மெகீ'யை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்டாஃபர்சன் பாடும்போது, நடந்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் முதல் சரணத்தைக் கிடாரோடு அடக்கமாகத்தான் தொடங்குகிறார். போகப் போக வேகம் ஏறி, கடைசியில் சொற்களையே விட்டுவிட்டு வெறும் 'லா லா'வில் தொண்டை கிழியக் கொட்டித் தீர்க்கிறார். 1970 அக்டோபரில் ஜானிஸ் இறந்த பிறகுதான் அந்தப் பதிவையே கிறிஸ்டாஃபர்சன் கேட்டார். மறு ஆண்டு அமெரிக்கப் பட்டியலில் அது முதலிடம்.

கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் கதை வேறு ரகம். கிறிஸ்டாஃபர்சனின் 'சண்டே மார்னிங் கமிங் டவுன்' பாட்டில் போதையைக் குறிக்கும் ஒரு சொல்லை மாற்றும்படி தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டார்கள். கேஷ் அசையவில்லை. எழுதியபடியே பாடினார். 1970ன் சிறந்த பாடலுக்கான கன்ட்ரி இசைச் சங்க விருதும் அதற்கே கிடைத்தது. பாடகர்கள் ரே பிரைஸ், சாமி ஸ்மித் இருவரும் கிறிஸ்டாஃபர்சனின் பாட்டுகளால் கன்ட்ரி பட்டியலின் உச்சிக்குப் போனார்கள். இவருடைய முதல் ஆல்பமோ 1970ல் வெளிவந்து கடைகளில் தூங்கியது.

தனியாகப் பாடி அவர் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது ஒரே ஒரு முறை, 1973ல், 'வொய் மீ' பாட்டால். தேவாலயத்தில் மனம் உடைந்து அழுத அனுபவத்திலிருந்து எழுதியது. எல்விஸ் பிரெஸ்லிகூட மேடைகளில் பாடிப் பார்த்தார், அவரிடம் குரல் இருக்கிறது, கம்பீரம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்கிற மனிதன் மட்டும் கிறிஸ்டாஃபர்சனின் பதிவில்தான் இருக்கிறான்.