கோமுகையும் திருப்பணியும்

கோயிற் சிற்பங்களைப் போற்றுவோர் கோபுரத்தையும் தூண்களையும் நோக்குவர். கோமுகையை நோக்குவார் அரியர். கருவறையில் ஆட்டிய திருமஞ்சன நீர் வடபுறச் சுவரைக் கடந்து வெளிப்போதரும் கல்வாய் அது. சிற்பி அதனை மகரமுகமாகவோ யாளிமுகமாகவோ அமைப்பான். எவ்வாறு அமைப்பினும், நீர் அடித்தளத்திற் படாது விழும் அளவிற்கு அது முன்னீண்டிருத்தல் வேண்டும். அழகும் தொழிலும் ஈண்டு வேறல்ல.

மேனாட்டுப் பேராலயங்களின் கூரைநீரை உமிழும் ‘கார்காயில்’ என்னும் விலங்குமுகங்களும் இவ்வினத்தனவே. தொண்டை எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது அப்பெயர். ஆயின், பாரிசு நோத்ர்தாம் ஆலய மேன்மாடத்திற் கன்னத்திற் கையூன்றி நகரை நோக்கும் கொம்புடை உருவம் நீர் உமிழ்வதன்று. 19ஆம் நூற்றாண்டில் வியோலே லெ தியூக் அவ்வாலயத்தைப் புதுப்பித்தபோது புதிதாகச் சேர்த்தது. உலகமோ அதனையே இடைக்காலச் சிற்பமென்று கொண்டாடுகின்றது! புதுப்பிப்போன் கைத்திறன் பழமையை மறைத்துவிடும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டா.

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை மணற்பாங்கானது; குடும்பிமலை போன்ற பாறைக்குன்றுகள் மேற்கே உள்ளன. ஆதலின் இந்நாட்டிற் கல்லின் அருமை பெரிது. படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக் கல்நந்தி, பறங்கித் தலைவன் முன்னிலையில் எழுந்து புல்லுண்டு சாணமிட்டது என்பது ஐதிகம். அது வரலாறாகாது என்பார் கூற்று ஒருபுறமிருக்க, சிற்பி செதுக்கிய கல்லை உயிருடைய பொருளாகவே இம்மக்கள் மதித்தனர் என்பது அதனாற் பெறப்படும்.

அத்தகைய மக்களின் கோயில்களிலே, இன்று குடமுழுக்கு நெருங்குந்தோறும் கல்லின்மீது சீமெந்தும் எண்ணெய்த் தீந்தையும் பூசப்படுதல் வருந்தத்தக்கது. வாவியும் கடலும் சூழ்ந்த இப்பகுதியின் காற்று உப்புடையது. சீமெந்துப் பூச்சு ஈரத்தை வெளிவிடாது உள்ளே அடைக்க, உப்புப் படிகங்கள் நுண்துளைகளில் வளர்ந்து கல்லின் மேற்பரப்பைப் பெயர்த்துவிடும். சுண்ணச்சாந்தோ ஈரத்தை வெளிவிடும். கல்லினும் மெலிதாதலின், தேய வேண்டின் முதலில் தானே தேயும்.

இனி, பழுதுபட்டதை இருந்தவாறே காத்தல் வேண்டுமென வாதிப்பாரும் உளர். புதிதாகச் சேர்க்கும் உறுப்புப் பழையதினின்றும் பிரித்தறியத் தக்கதாயிருத்தல் வேண்டுமென்பது 1964ஆம் ஆண்டு வெனிசுப் பட்டயத்தின் விதி. பொலன்னறுவையில் தொல்பொருளாய் நிற்கும் சோழர்காலத்து வானவன்மாதேவீச்சரத்திற்கு அது பெரிதும் பொருந்தும். நாள்தோறும் திருமஞ்சனம் நிகழும் கோயிலில், உடைந்த கோமுகையைக் காட்சிப்பொருளாக வைத்தல் இயலாது. ஆகமங்கள் கூறும் சீர்ணோத்தாரணம் புதுப்பித்தலை விலக்கவில்லை. அதனைக் கடமையாகவே கொள்கின்றது. எனினும் கல்லுக்குக் கல்லே மாற்றாதல் வேண்டும். உடைந்த மகரத்தின் அளவறிந்து, அதன் நீட்சி குறையாமற் புதுக்கல்லிற் செதுக்கவல்ல சிற்பியை நாடாது, மூக்கினைச் சீமெந்தால் ஒட்டுவித்து வண்ணந்தீட்டுதல் திருப்பணி ஆகாது. அம்மூக்கு மறுமாரியில் விழும். விழாவிடினும், நீர் சுவர்வழியே வழிந்து அடித்தளத்தை அரித்துக்கொண்டிருக்கும்.