முதல் பாகத்தை விழுங்கும் இரண்டாம் பாகம்

2025 ஜூலையில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனு பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. காசு வாங்கி விற்ற வீடியோ கேமை நிறுவனம் பின்னாளில் யாரும் ஆட முடியாதபடி முடக்கக் கூடாது என்பது அதன் கோரிக்கை. தொழில்தரப்பு உடனே பதில் சொன்னது. ஆன்லைன் சேவையை நிறுத்துவது வணிக முடிவு, ஆட்டக்காரர்களே சர்வர் நடத்துவது எல்லா ஆட்டங்களுக்கும் ஒத்துவராது, கட்டாயப்படுத்தினால் செலவு தாங்காது என்று வீடியோ கேம்ஸ் யூரோப் அமைப்பு அறிக்கை விட்டது. யுபிசாஃப்ட் தலைவர் ஈவ் கிய்மோ தன் பங்குதாரர்களிடம், எதுவும் நிரந்தரமில்லை என்றார்.

நிலையாமையைத் தமிழனுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். ஆனால் அதைத் துறவறவியலில் வைத்தார். பொருளை விற்றுக் காசை எண்ணி வாங்கியவர் வாயிலிருந்து வரும்போது அது வெறும் சாக்கு. அந்தச் சாக்கை எங்கள் திருத்தங்கல், சிவகாசிப் பக்கத்துப் பையன்களும் மனப்பாடமாக ஒப்பிப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. "அதான் ரெண்டாவது பார்ட் ஃப்ரீயாவே வந்துருச்சே, பழசு எதுக்குண்ணே?" என்கிறார்கள்.

நிறுவனங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்வர் சும்மா ஓடாது. ஆள், கரண்ட், பாதுகாப்பு என்று மாதாமாதம் செலவு. ஆட்டக்காரர்கள் இரண்டு பாகங்களுக்கும் பிரிந்து நின்றால் இரண்டிலும் ஆள் சேராது. பழைய எஞ்சினில் ஓட்டை கண்டுபிடித்து ஏமாற்றுகிறவர்களைத் தடுப்பது பெரும்பாடு. இலவசமாகத் தந்தால் காசில்லாத பையனும் உள்ளே வருகிறான். எல்லாம் உண்மை. தொடர்ச்சி என்றாலே சோம்பேறித்தனம் என்று சொல்கிற கட்சியிலும் நான் இல்லை. 2023ல் எல்லோரும் கொண்டாடிய பால்டர்ஸ் கேட் 3 ஒரு மூன்றாம் பாகம்தான். அதன் முதல் இரண்டு பாகங்களையும் இன்றைக்கும் வாங்கி ஆடலாம்.

என் சண்டை ஒரே ஒரு வகைத் தொடர்ச்சியோடு. முன்னதன் பக்கத்தில் வந்து உட்காராமல், முன்னதை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் உட்காரும் தொடர்ச்சி.

ஓவர்வாட்ச் 2016ல் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆட்டம். அணிக்கு ஆறு பேர். 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 வந்தபோது முதல் பாகத்தின் சர்வர்களை பிளிசார்டு மூடியது. அணிக்கு ஐந்து பேர் என்றானது. வாங்கி ஆடும் ஆட்டம், பேட்டில் பாஸ் என்ற பருவச் சீட்டு விற்கும் கடையானது. 'இரண்டு' என்று எண் போட்டதற்கு 2019லேயே ஒரு காரணம் சொல்லியிருந்தார்கள்: நண்பர்கள் கூட்டாகச் சேர்ந்து கணினியை எதிர்த்து ஆடும் பெரிய பகுதி வரப்போகிறது என்று. அதன் முதுகெலும்பான ஹீரோ மோடை 2023 மே மாதம் கைவிட்டார்கள். காரணம் போய்விட்டது, எண் மட்டும் நின்றது. முதல் பாகத்தை வாங்கியவன் அதற்குத் திரும்பிப் போக வழியில்லை. 2024 நவம்பரில் 'ஓவர்வாட்ச் கிளாசிக்' என்று 2016ன் ஆட்டத்தைச் சில வாரங்களுக்கு மட்டும் திரும்பக் காட்டினார்கள். அவன் காசு கொடுத்து வாங்கியதையே அவனுக்குச் சலுகையாகக் கொடுத்த துணிச்சலை என்ன சொல்வது?

வால்வ் இதைவிடச் சாமர்த்தியமாகச் செய்தது. 2023 செப்டம்பரில் கவுண்டர்-ஸ்டிரைக் 2, அதற்கு முந்தைய பாகமான சிஎஸ்:ஜிஓ இருந்த இடத்திலேயே அப்டேட்டாக இறங்கியது. டேஞ்சர் சோன் போன்ற பகுதிகள் காணாமல் போயின. மேக் கணினிக்கு ஆதரவும் நின்றது. பழைய ஆட்டத்தைத் தங்கள் ஸ்டீம் கடையின் ஒரு மூலையில் விட்டுவைத்தார்கள்; ஆனால் ஆள் சேர்த்துத் தரும் வசதி இல்லாமல், 2024 ஜனவரி 1க்குப் பிறகு எங்களுக்குப் பொறுப்பில்லை என்ற அறிவிப்போடு.

ஜிடிஏ ஆட்டங்களைச் செய்யும் ராக்ஸ்டாரின் கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வைஸ் சிட்டி, இங்கே பிரவுசிங் சென்டர்களில் மணிக்குக் காசு கட்டி உட்கார்ந்த ஒரு தலைமுறை வண்டி ஓட்டிப் பழகிய ஊர். 2021 நவம்பரில் ஜிடிஏ த்ரீ, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்றையும் புதுப்பித்து 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்று விற்றார்கள். அதற்கு முன்பே பழைய பதிப்புகளை டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். வந்ததோ கண்ணை மறைக்கும் மழை, எழுத்துப்பிழையோடு பெயர்ப்பலகைகள், பொம்மைபோல் வீங்கிய முகங்கள். ஊர் சிரித்தது. ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டுப் பழைய பதிப்புகளைத் தன் கடைக்குத் திரும்பக் கொண்டுவந்தது. அவ்வளவு பேர் சிரித்ததால்தான் அது நடந்தது. சுமாராக வந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், பழையது போனது போனதாகவே இருந்திருக்கும்.

இதில் பறிபோவது வெறும் பழைய நினைவு என்று நினைப்பவர்கள் விஷயத்தைப் பாதிதான் பார்க்கிறார்கள். இரண்டாம் பாகம் என்பது ஒரு கூற்று: முன்னதில் குறை இருந்தது, இதோ தீர்த்திருக்கிறேன் என்று அது சொல்கிறது. அந்தக் கூற்றைச் சோதிக்க முன்னது பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆறு பேர் ஆடியபோது இருந்த நெரிசலும் பரபரப்பும் ஐந்து பேரில் கூடியதா குறைந்ததா என்று, இரண்டையும் ஒரே மாலையில் ஆடிப் பார்த்தவன்தான் சொல்ல முடியும். திரைப்படத்தில் மறு ஆக்கம் வந்தால் மூலப்படத்தைத் தேடிப் பார்த்து, 'பழையதன் கால்தூசிக்கு வராது' என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு வாய்ப்பிருக்கிறது. வீடியோ கேமில் மட்டும் பிரதிவாதியே சாட்சியை ஒழித்துவிட்டு வந்து வாதாடுகிறார். அவர் சொல்வதை நாம் நம்ப வேண்டியதுதான்.

"சர்வர் செலவு" என்று மறுபடி ஆரம்பிப்பவர்களுக்கு தி க்ரூ நல்ல பதில். 2014ல் வந்த அந்தக் கார்ப் பந்தய ஆட்டத்தில் ஒருவர் தனியாகவே ஆடி முடிக்கக்கூடிய கதை இருந்தது. அதற்கும் இணைய இணைப்பு கட்டாயம். 2024 மார்ச் 31ல் யுபிசாஃப்ட் சர்வரை மூடியதும் தனியாக ஆடியவனுக்கும் கதவு சாத்தப்பட்டது. பிறகு வாங்கியவர்களின் கணக்கிலிருந்த உரிமத்தையும் எடுத்தார்கள். எதிர்ப்பு வலுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில், தி க்ரூ 2க்கும் மோட்டார்ஃபெஸ்டுக்கும் இணையம் இல்லாமல் ஆடும் வசதி தரப்போவதாக அதே நிறுவனம் அறிவித்தது. ஆக, முடியாது என்ற பேச்சே பொய். கேட்க ஆள் இல்லாதவரை முடியவில்லை, கேட்டதும் முடிகிறது.

ஆண்டுதோறும் புதுப் பதிப்பாக வரும் விளையாட்டு வீடியோ கேம்களைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர்த் தொழில்தான் எனக்கு முன்னால் வருகிறது. ஆடிப்பெருக்கன்று சிவகாசி அச்சாபீஸ்களில் மறு ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகும். டிசம்பர் முடிந்தால் காலண்டரின் வேலை முடிந்தது. வருடா வருடம் புதிது வாங்கியே ஆக வேண்டிய பொருள் அது. அதைக்கூட அச்சாபீஸ்காரர் வீடு தேடி வந்து சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போவதில்லை. தேதி போன காலண்டரிலிருந்து முருகன் படத்தைக் கத்தரித்துச் சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டிய வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். தேதியே சரக்காக உள்ள பொருளுக்கு இருக்கிற ஆயுள், தேதியே இல்லாத ஓர் ஆட்டத்துக்கு ஏன் இருக்கக் கூடாது?

நம் பையன்கள் இதை ஏன் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் புரியாத புதிர் அல்ல. அவர்கள் ஆடத் தொடங்கியதே செல்போனில். பப்ஜி மொபைலை 2020 செப்டம்பர் 2ல் அரசு தடை செய்தது. 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் அதை இந்தியாவுக்கென்று பிஜிஎம்ஐ ஆக்கிக் கொண்டுவந்தது. பழைய கணக்கை மாற்றிக்கொள்ளக் கெடு வைத்தார்கள். 2022 ஜூலை 28ல் அதுவும் கடைகளிலிருந்து மறைந்தது. 2023 மே மாதம் திரும்பியது. தடை அரசின் முடிவு, அதற்கு ஸ்டுடியோவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உடைக்கும் துப்பாக்கித் தோலுக்கும் யூசி என்ற ஆட்டக் காசை வாங்கிக் கொட்டிய பையன் இதிலிருந்து கற்ற பாடம் ஒன்றுதான்: ஆட்டம் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது, திரும்ப வந்தால் அதிர்ஷ்டம். அந்தப் பாடத்தோடு வளர்ந்தவன் ஓவர்வாட்ச் மறைந்ததற்கு ஏன் கோபப்படுவான்? நிறுவனங்களுக்கு இதைவிடத் தோதான வாடிக்கையாளர் உலகத்தில் எங்கே கிடைப்பார்?

இதன் கெடுதல் ஆட்டக்காரனோடு நிற்கவில்லை. தொழிலின் ஊற்றையே அடைக்கிறது. கவுண்டர்-ஸ்டிரைக்கை வால்வ் கண்டுபிடிக்கவில்லை. ஹாஃப்-லைஃப் ஆட்டத்தைப் பிரித்து மாற்றிய இரண்டு இளைஞர்கள் 1999ல் வெளியிட்ட 'மாட்', அதாவது மாற்றுப் பதிப்பு, அது. டோட்டா, வார்கிராஃப்ட் 3க்கு ரசிகர்கள் வரைந்த வரைபடமாகப் பிறந்தது. பப்ஜியின் விதை, பிரெண்டன் கிரீன் ஆர்மா ஆட்டத்தின் மேல் செய்த மாட்டில் இருக்கிறது. இன்றைக்குக் கோடிக்கணக்கில் புரளும் இத்தனை ஆட்டங்களும், யாரோ ஒருவர் பழைய ஆட்டத்தைத் தன் கையில் வைத்துக் குடைந்ததால் வந்தவை. 2020ல் பிளிசார்டு வார்கிராஃப்ட் 3ஐப் புதுப்பித்து 'ரீஃபோர்ஜ்டு' என்று கொண்டுவந்தபோது பழைய நிரலின் இடத்தைப் புதியது பிடித்துக்கொண்டது. கூடவே, ஆட்டக்காரர்கள் செய்யும் வரைபடங்களின் உரிமை தனக்கே என்று ஒரு நிபந்தனையும் வந்தது. டோட்டாவைக் கைநழுவ விட்ட நிறுவனம் அதிலிருந்து கற்றுக்கொண்டது இதைத்தான்: இன்னொரு டோட்டா பிறந்தாலும் அது வெளியே போய்விடக் கூடாது.

இதற்கு நேர் எதிராக ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 நிற்கிறது. 1999ல் வந்த ஆட்டம். அதைச் செய்த என்செம்பிள் ஸ்டுடியோஸை மைக்ரோசாஃப்ட் 2009ல் மூடிவிட்டது. ஆட்டம் டிஸ்க்கில் ஜனங்களிடம் இருந்தது. ரசிகர்கள் கூடி ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற விரிவாக்கத்தைத் தாங்களே செய்தார்கள். அந்தக் கூட்டம் ஸ்டுடியோவாக வளர்ந்து 2019ன் டெஃபினிட்டிவ் எடிஷனில் முன்னணியில் நின்றது. 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கத்தில் திராவிடர் என்றொரு நாகரிகமும் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளும் சேர்ந்தன. செய்த ஸ்டுடியோ மூடப்பட்டுப் பதிமூன்று ஆண்டுகள் கழித்து அதே ஆட்டத்தில் சோழன் கடல் தாண்ட முடிந்தது என்றால், இடையில் அந்த ஆட்டத்தை யாரும் விழுங்கவில்லை என்பதே காரணம். 1999லேயே அதை ஒரு சர்வரோடு கட்டிப் போட்டிருந்தால் 2009லேயே கதை முடிந்திருக்கும்.

சட்டம் மெல்ல நகர்கிறது. நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்று வாங்கும்போதே சொல்ல வேண்டும் என்ற கலிஃபோர்னியச் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஸ்டீம் அதற்குச் சில மாதங்கள் முன்பே அந்த அறிவிப்பைப் போட்டுவிட்டது. திருடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் திருட்டு நியாயமாகிவிடும் என்ற கணக்கு. நம் நாட்டில் 2025 ஆகஸ்ட் மாதம் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தின் கவலை பணம் வைத்து ஆடும் ஆட்டங்கள். வாங்கிய ஆட்டம் மறைவதைப் பற்றி எனக்குத் தெரிந்து இங்கே எந்த அவையிலும் பேச்சே இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்த ஆண்டு வரை ஓடும் என்பதை விற்கும்போதே அச்சிடுங்கள். மூடும் நாளில், தனியாக ஆட ஒரு பேட்ச் அல்லது சர்வர் மென்பொருள், இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போங்கள். இரண்டாம் பாகத்தை முதல் பாகத்தின் பக்கத்தில் வையுங்கள். அது உண்மையிலேயே மேலானது என்றால் ஆட்டக்காரர்கள் தாங்களாகவே வந்துவிடுவார்கள். பழைய வீட்டை இடித்துத்தான் அவர்களைக் கிளப்ப வேண்டும் என்றால் புது வீட்டின் லட்சணம் கட்டியவருக்கே தெரிந்திருக்கிறது. விமர்சகர்களுக்கும் ஒன்று: முன்னது கையில் இல்லாதபோது 'முன்னதைவிட மேல்' என்று எழுதி மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். அப்படிப் போடும் ஒவ்வொரு எண்ணும் நிறுவனத்தின் விளம்பரச் செலவில் மிச்சம்.