சுதந்திர சதுக்கத்துச் சிலையும் அதன் பின்னணியும்

சிலையொன்றை அது நிற்கும் சூழலினின்றும் பிரித்து மதிப்பிடல் இயலாது. கொழும்பு சுதந்திர சதுக்கத்தில் டி. எஸ். சேனநாயக்காவின் சிலைக்குப் பின்னே, சுவரின்றித் தூண்கள் நிரைத்த சுதந்திர மண்டபம் எழுந்து நிற்கின்றது. முதற் பிரதமரை நாம் எவ்வாறு காண வேண்டும் என்பதை இம்மண்டபமே நிர்ணயிக்கின்றது.

கண்டியரசின் சபா மண்டபமாகிய மகுல் மடுவவே இதன் மாதிரி. 1815 மார்ச் 2 இல் கண்டிப் பிரதானிகள் தம் நாட்டைப் பிரித்தானிய முடிக்கு ஒப்புவித்த உடன்படிக்கை அங்கேயே நிறைவேறியது. இழந்த இடத்தின் வடிவிலே மீட்பைச் சித்திரித்தமை பொருள் பொதிந்த கற்பனை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் அவ்வடிவம் பிறிதோர் உண்மையையும் புலப்படுத்திவிடுகின்றது. 1815 இல் ஆட்சியுரிமையைக் கையளித்தோர் பிரதானிகள். 1948 இல் அதனைப் பேச்சுவார்த்தை மூலம் பெற்றோர் ஆங்கிலக் கல்வியும் நிலவுடைமையும் வாய்ந்த சிறு குழுவினர். இரு வேளைகளிலும் பொதுமக்கள் மண்டபத்திற்குப் புறத்தேதான் நின்றனர். அரச சபையின் முன்னே தலைவரைத் தனித்து நிறுத்துகையில், குடியாட்சியின் முதல்வர் மன்னர் பரம்பரையின் வாரிசாகத் தோற்றமளிக்கின்றார்.

இத்தோற்றம் மறைப்பது யாது? 1947 பொதுத் தேர்தலில் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியோருள் பெருந்தோட்டத் தொழிலாளரும் அடங்குவர். சுதந்திரம் கிட்டிய அதே ஆண்டில், நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்த பிரசாவுரிமைச் சட்டம், தந்தையினதோ பாட்டன், பூட்டனினதோ பிறப்பை நிரூபிக்குமாறு அவர்களைக் கேட்டது. பிறப்புப் பதிவுகள் அரிதாயிருந்த லயன் வாழ்க்கையில் அது இயலக்கூடிய காரியமன்று. 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் பிரசைகளுக்கே வரையறுத்தது. ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றோராயினர். 1952 தேர்தலில் மலையகத் தொழிலாளரின் குரல் பாராளுமன்றத்தில் ஒலிக்க இடமற்றுப் போயிற்று.

சேனநாயக்காவின் பணிகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1931 முதல் விவசாய, காணி அமைச்சராக அவர் ஆற்றிய நீர்ப்பாசனப் பணி வரலாற்றுக்குரியது. அன்றியும், பழியை ஒருவர்மீது மட்டும் சுமத்துவதும் நேர்மையாகாது. 1948 இல் அமைச்சரவையிற் சேர்ந்த ஜீ. ஜீ. பொன்னம்பலமும் அவ்வரசிலே தொடர்ந்திருந்தார். அதனை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் முதலியோர் 1949 இல் தமிழரசுக் கட்சியை அமைத்தனர். ஆகவே இவ்வரலாறு இனத்தோடு வர்க்கத்தையும் சார்ந்ததென்பது தெளிவு.

எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. சுதந்திரத்துக்கும் அதற்கும் இடைப்பட்ட 55 ஆண்டுகளைப் பற்றிச் சதுக்கத்துச் சிலை யாதும் கூறுவதில்லை. சிலையை அகற்றுமாறு நாம் கோரவில்லை. அதன் முன் நிற்கும் மாணவர், சுதந்திரம் பெற்றவர் யார் என்னும் வினாவோடு, அதே ஆண்டில் உரிமை இழந்தவர் யார் என்பதையும் வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பாத விமரிசனம் வெறும் புகழுரையாகவே முடியும்.