வலுவும் நாதமும்: ஹெவி மெற்றல் கிற்றார்ப் பிக்கப்புகள் பற்றியொரு நோக்கு

நூலொன்றின் தகுதியை அதன் பக்கத்தொகை கொண்டு அளப்பானைக் கண்டால் நாம் நகைப்போம். ஆயின், இசைக்கருவியின் உறுப்பொன்றை அதன் தடை எத்தனை கிலோ ஓம் என்று மட்டுங் கேட்டு மதிப்பிடுவானை அறிந்தோனெனக் கொள்கின்றோம். ஹெவி மெற்றல் இசை பயிலும் இளைஞரிடையே இவ்வழக்கு வேரூன்றியுள்ளது. பிக்கப்பின் வலு மிக மிக நாதமுங் கனக்கும் என்பது அவர்தந் துணிபு. விற்போர் விளம்பரங்களும் அதனையே பலவாறாக ஓதுகின்றன. அத்துணிபு எவ்வளவிற் பொருந்தும், எவ்விடத்திற் பிழைபடும் என ஆராய்வதே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

கல்லூரி மலரிலே இப்பொருள் எற்றுக்கு என வினவுவாரும் உளராகலாம். என்னிடம் வரலாறு கற்று வெளியேறிய மாணாக்கரொருவர், தம் முதன்முதற் சம்பளங்களிலே மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு, கடையிலிருந்தவற்றுள் மிகக் கூடிய இலக்கமுடைய பிக்கப்பை வாங்கித் தம் மின்கிற்றாரிற் பொருத்தினார். பொருத்துமுன் ஒன்றும் பொருத்தியபின் ஒன்றுமாக இரு ஒலிப்பதிவுகளை எனக்கு அனுப்பி, “எது நல்லது, சேர்?” என்று கேட்டிருந்தார். என் செவிக்கு முன்னையதே தெளிவுடைத்தாய்ப் பட்டது. பின்னையதிலே சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்து கிடந்தன. பணத்தைச் செலவிட்ட ஒருவரிடம் அதனைச் சொல்லுதல் எளிதன்று. காரணங் கண்டு சொல்வோம் என்றெண்ணியே யான் இவ்வாராய்ச்சியிற் புகுந்தேன். கலைப்பட்டதாரியாகிய யான் பௌதிகத்தில் வழுவினேனாயின் விஞ்ஞான ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

பிக்கப் என்பது காந்தமும் அதனைச் சார்ந்த செப்புக் கம்பிச் சுருளுமேயாம். மேலே அதிரும் உருக்குத் தந்தி காந்தப் புலத்தைக் கலைக்கச் சுருளிலே மின்னழுத்தம் பிறக்கின்றது. பரடே என்னும் அறிஞர் 1831 இற் கண்ட விதி அது. சுற்றுக்கள் மிகின் மின்னழுத்தமும் மிகும். காந்தம் வலிதாயினும் அவ்வாறே. இவ்வளவில் இளைஞர் கொள்கை குற்றமற்றது.

அக்கொள்கை பிறந்த காலத்தை நோக்குவாம். கிப்சன் கம்பனியைச் சேர்ந்த சேத் லவர் என்பார் 1955 இல் ஹம்பக்கர் என்னும் இரட்டைச் சுருட் பிக்கப்பிற்குக் காப்புரிமை வேண்டினார். இரு சுருள்களும் எதிரெதிர்த் திசையிற் சுற்றப்பட்டு, எதிரெதிர்க் காந்த முனைகளுடன் அமைதலால், மின்வழங்கலினின்றும் புகும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலியோ ஒன்றுசேரும். இன்று பி.ஏ.எவ். என வழங்கும் அப்பழம் பிக்கப்புகளின் தடை ஏறத்தாழ 7 முதல் 9 கிலோ ஓம் வரையினது. 1972 இல் லரி டிமார்சியோ ‘சூப்பர் டிஸ்ரோர்ஷன்’ என்னும் பிக்கப்பை ஆக்கினார். செரமிக் காந்தமும் மிகுந்த சுற்றுக்களும் உடைய அதன் தடை 13 கிலோ ஓமைக் கடந்தது. அக்காலத்து வால்வு விரியலாக்கிகளிற் பெருக்கற் படிகள் சில. வால்வுகளைத் திரிபுபடச் செய்தற்கு உள்ளே புகும் சைகையே வலிதாயிருத்தல் வேண்டும். ஆகவே டிமார்சியோவின் ஆக்கம் உண்மையானவொரு தேவைக்கு விடையாயிற்று.

பின்னர் நிகழ்ந்தது யாது? 1975 இல் மார்ஷல் கம்பனியார் மாஸ்ரர் வொலியூம் உடைய விரியலாக்கியை வெளியிட்டனர். 1992 இற் பீவி கம்பனியாரின் 5150 வந்தது. இன்று ஹெவி மெற்றலுக்கென ஆக்கப்படும் விரியலாக்கிகளிலே திரிபு வேண்டியதினும் மேலாக நிரம்பிக் கிடக்கின்றது. குமிழைப் பாதியளவு திருப்பினாலே போதும். தேவை நீங்கிவிட்டது, கொள்கை மாத்திரம் நின்றுவிட்டது.

இனி, இவ்விசையின் தோற்றுவாய்க்கே செல்வோம். பேர்மிங்ஹாம் நகரத்து ரொனி அயோமி இடக்கையர். தந்திகளை அழுத்துவது அவரது வலக்கை. பதினேழாம் வயதிலே தகட்டுத் தொழிற்சாலையொன்றில் அக்கையின் இரு விரல்களது நுனிகளை இழந்தார். நுனிகளுக்குத் தாமே உறை செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்திகளைக் கட்டி வாசித்தார். அவரது பிளக் சபாத் குழு தன் முதல் இசைத்தட்டை 1969 ஒக்ரோபரிற் பதிவு செய்தது. 1970 பெப்ரவரி 13 இல் அது வெளிவந்தது. பதிவுவேளையில் அவரது ஸ்ராற்றோகாஸ்ரரின் பிக்கப் பழுதுபட, கிப்சன் எஸ்.ஜி. ஒன்றை எடுத்து எஞ்சியவற்றை வாசித்து முடித்தார். அதிலிருந்தது பி-90 என்னும் ஒற்றைச் சுருட் பிக்கப். 1946 இல் வந்த பழைய அமைப்பு. இன்றைய ‘மிகைவலு’ப் பட்டியல்களில் இடம்பெறாதது.

அத்தட்டின் தலைப்புப் பாடலைக் கேட்டோர் அதன் கனத்தை மறவார். அக்கனம் எங்கிருந்து வந்தது? மழையும் மணியோசையும் ஓய்ந்தபின் மிக மெதுவாக நகரும் மூன்று சுரங்கள்; மூன்று முழுச்சுரத் தொலைவிலே நின்று செவியை உறுத்தும் இடைவெளி; சுரத்துக்குச் சுரம் விடப்படும் நிசப்தம். இவையே கனம். கருவியமைப்பை நோக்கின் இன்னுமொரு வியப்புண்டு. அயோமி தம் கிற்றாருக்கும் லேனி விரியலாக்கிக்கும் இடையே வைத்தது ரேஞ்ச்மாஸ்ரர் என்னும் சிறு பெட்டி. அது மேற்சுரங்களை உயர்த்துவது, கீழ்ச்சுரங்களையன்று. கனத்தின் தந்தையெனப் போற்றப்படுவார், திரிபுக்கு முன்னரே கீழோசையைக் குறைத்து மேலோசையை ஏற்றினார் என்பது ஊன்றிச் சிந்தித்தற்குரியது. இக்காலத்து மெற்றற் கலைஞரும் ‘ரியூப் ஸ்கிரீமர்’ பெட்டியை அதன் திரிபுக் குமிழைத் தாழ்த்தி, ஒலிக் குமிழை உயர்த்தி விரியலாக்கியின் முன் வைக்கின்றனர். அது 720 ஹேட்சு அளவிலிருந்து கீழுள்ள ஓசையை மெலிவிப்பது. ஆறாந்தந்தியின் அடிச்சுரம் 82 ஹேட்சு. ஏழு தந்திக் கிற்றாரின் அடிச்சுரம் 62 ஹேட்சு. இத்தாழ்சுரங்கள் மிகையாகத் திரிபினுட் புகின் ஏனைச் சுரங்களோடு கலந்து சேறாகும். என் மாணாக்கரின் இரண்டாம் பதிவிலே யான் கேட்டது அச்சேறுதான்.

வலுவேறிய சுருள் சேற்றை எவ்வாறு கூட்டுகின்றது? சுற்றுக்கள் மிகச் சுருளின் தூண்டற்றிறன் அவற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். அத்தூண்டற்றிறனும் இணைப்புக் கம்பியின் கொள்ளளவமுஞ் சேர்ந்து ஒரு பரிவு மீடிறனை அமைக்கும். அதற்கு மேலுள்ள ஓசை விரைந்து தேயும். கம்பியின் கொள்ளளவம் 500 பிக்கோபரட்டு எனக் கொள்வோம். சுருள் 4 ஹென்றியாயின் பரிவு 3,560 ஹேட்சு அளவில் நிற்கும். 8 ஹென்றியாயின் 2,520 ஹேட்சு அளவுக்கு இறங்கும். மீட்டுந் தகட்டின் கடிப்பும், சுரமொன்று பிறக்குங் கணத்தின் கூர்மையும் அவ்விடைப்பட்ட வெளியிலே பெரிதும் உள்ளன. வலுவை வாங்குவோன் அதற்குரிய விலையைத் தெளிவிலிருந்து செலுத்துகின்றான்.

தடையின் இலக்கமோ வலுவைக்கூடச் செவ்வனே உரைப்பதன்று. நேரோட்டத் தடை கம்பியின் நீளத்தையும் பருமனையும் பொறுத்தது. 0.063 மில்லிமீற்றர் கம்பியை விடுத்து 0.056 மில்லிமீற்றர் கம்பியால் அதே நீளஞ் சுற்றினால், ஒரு சுற்றேனுங் கூடாமலே தடை நூற்றுக்கு 26 பங்களவு உயரும். அவ்வுயர்வு வெறுங் கம்பியின் மெலிவு. அதனை வலுவென்று விற்பாரும் உளர், வாங்குவாரும் உளர்.

இவற்றால் மிகைவலுப் பிக்கப்புகள் வேண்டா என்பது என் கருத்தன்று. அயர்ன் மெய்டன் குழுவின் டேவ் மறே தம் ஸ்ராற்றோகாஸ்ரரின் பாலத்தருகே வைத்தது மேற்கூறிய சூப்பர் டிஸ்ரோர்ஷனையே. அக்கிற்றார் இயல்பிலே கூரிய ஓசையுடையது; பாலத்தருகே அவ்வோசை இன்னும் மெல்லியது. அங்கே தடித்த பிக்கப் குறையை நிரப்புகின்றது. மகோகனி மரத்தாலாகிய இருண்ட கிற்றாரிலே அதுவே மிகையாகலாம். எனவே முதலில் அறியவேண்டியது பிக்கப்பின் குணமன்று, கிற்றாரின் குணம். பி-90 ஐ யாவருங் கொள்க என்றுங் கூறேன். மிகுந்த திரிபிலே ஒற்றைச் சுருளின் இரைச்சல் பொறுத்தற்கரியது.

காந்தத்தைப் பற்றிச் சிறிதே கூறலாம். செரமிக் காந்தமுடையவை பெரும்பாலும் இறுக்கமான கீழோசை தருவனவென்றும், அல்னிக்கோக் காந்தமுடையவை சற்று நெகிழ்ந்தனவென்றும் வழங்குவர். பொதுவாக இஃது ஒக்கும். ஆயினுஞ் சுருளின் அமைப்பு இதனினும் பெரிது.

மின்கலம் வேண்டும் பிக்கப்புகள் வேறோர் இனம். ஈ.எம்.ஜி. 81 இன் சுருள் வலுவற்றது. உள்ளே பொதிந்த சிறு விரியலாக்கி, 9 வோல்ற்று மின்கலத்தால் இயங்கிச் சைகையைப் பெருக்குகின்றது. ஆதலின் வலுவும் உண்டு, தெளிவும் உண்டு. கம்பி நீண்டாலும் மேலோசை கெடாது. மெற்றாலிக்கா குழுவின் ஹெற்ஃபீல்டும் ஹமெற்றும் நெடுங்காலம் அவற்றை ஆண்டனர். என் செவிக்கு அவை விரலின் மென்மை வன்மைகளைச் சற்றே சமப்படுத்துவன போற் படுகின்றன. விரைந்து வெட்டி வாசிக்கும் தாளத்துக்கு அது நன்று; தனியிசையிலே யான் அதனை விரும்பேன்.

செலவற்ற ஒரு வழியும் உண்டு. பிக்கப்பின் இருபுறத் திருகாணிகளையுந் தளர்த்தித் தந்தியினின்றும் ஒரு மில்லிமீற்றர் தாழ்த்தினால், வலு குறையும், காந்தம் தந்தியை இழுப்பதுங் குறையும், கீழோசை தெளியும். தாழ்தந்திப் பக்கத்தை மட்டுஞ் சற்றுக் கூடத் தாழ்த்துவது பெரிதும் பயன்படும். எடி வான் ஹேலன் 1978 இல் வெளிவந்த முதற்றட்டில் வாசித்ததும் பழைய கிப்சன் கிற்றாரொன்றினின்று எடுத்த பி.ஏ.எவ். பிக்கப்பைத்தான். அதற்கு அவர் செய்த சிறப்பு, உரத்த ஒலியிற் கீச்சிடாதிருக்கச் சுருளை மெழுகில் தோய்த்ததே.

மாணாக்கருக்கு இவற்றையெல்லாஞ் சுருக்கி எழுதினேன். புதிய பிக்கப்பைக் கழற்றவேண்டா. திருகாணியைத் தளர்த்தி, விரியலாக்கியின் திரிபுக் குமிழை மூன்றிலொரு பங்கு குறைத்து, அதே பகுதியை மீண்டும் பதிந்து அனுப்புக என்றேன். தெளியாவிடிற் பழையதையே பொருத்துக என்றுஞ் சேர்த்தேன். மூன்றாம் பதிவு சென்ற கிழமை வந்தது. தாழ்தந்தியிலே வெட்டி வாசிக்கும் பகுதியில் இப்போது ஒவ்வோரடியும் எண்ணத்தக்கதாயுள்ளது. ஆயினும் பழைய பிக்கப்பைத் தாம் இன்னும் விற்கவில்லையென அடியிற் குறித்திருந்தார்.