வாசலில் போட்ட இலக்கணம்

கோலத்தைப் புகழ்பவர்களோடு எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. பொறுமை, பண்பாடு, எறும்புக்கு உணவு என்றெல்லாம் சொல்வார்கள். அறிவு என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். மெக்சிகோவின் மித்லாவில் வெட்டிய சிறு கற்களைச் சாந்து இல்லாமல் பொருத்தி, படியும் சுருளுமாகச் சுவர் முழுக்க அமைத்திருக்கிறார்கள். அதைப் பார்ப்பவர்கள் வடிவியல் என்கிறார்கள். அரிசி மாவில் புள்ளி எண்ணிப் போட்டால் அது வீட்டுவேலை.

தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, இவர்களோடு கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை வேறு மாதிரி பார்த்தது. கோலத்துக்கு அவர்கள் இலக்கணம் எழுதினார்கள். சிறிய தொடக்க வடிவம் ஒன்று. ஒரு துண்டின் இடத்தில் எதை வைக்கலாம் என்பதற்குச் சில விதிகள். விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் அதே குடும்பத்துக் கோலம் பெரிதாகிக்கொண்டே போகும். கோலம் போடுபவள் மனப்பாடம் செய்திருப்பது ஒரு படத்தை அல்ல, படங்களை உண்டாக்கும் முறையை. கணினியியல் வகுப்பில் இதற்கு மதிப்பெண் உண்டு.

மூவரில் இருவர் பெண்கள் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த இலக்கணத்துக்குள் அடங்காத விதிகள் இருக்கின்றன. சாவு வீட்டு வாசலில் கோலம் கிடையாது. பல வீடுகளில் கணவனை இழந்தவள் மாவைத் தொடக்கூடாது. கை ஒன்றுதான், கணக்கும் மறக்கவில்லை. விலக்கு மட்டும் வந்துவிட்டது. புள்ளிக்கான விதியை அவள் வைத்திருந்தாள், அவளுக்கான விதியை வேறு யாரோ வைத்திருந்தார்கள்.

ராணி சிரோமணி பிற்காலத்தில் தொடர்பு வைத்திருந்த சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட் சிறுசேரி சிப்காட்டில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் பாதி வாசல்களில் ஸ்டிக்கர் கோலம். மீதியில் வேலைக்கு வரும் பெண்கள் போடுகிறார்கள். பாத்திரம், துணி எல்லாம் பேசிய சம்பளத்தில் கோலம் கணக்கில் வருவதில்லை.

ஒருநாள் லிஃப்ட் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஊடுபுள்ளி, 7 புள்ளி 4 வரை என்று போடும் சிக்குக்கோலம், இடம் போதவில்லை. எதையும் அழிக்காமல் 5 புள்ளி 3 வரைக்குச் சுருக்கினார், கம்பி எங்கும் அறுபடவில்லை.

“எப்படிக்கா?” என்றேன்.

“எண்ணிக்கிட்டே வந்தா தெரியும்மா. தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது.”

அடுத்த வாசலுக்கு வேறு புள்ளி வைக்கத் தொடங்கியிருந்தார்.