புற்றுக்காளானின் அடித்தண்டு

ரஞ்சன்காவுக்கு வரும் மழை கஞ்ச மழை. சஹ்யாத்திரியைத் தாண்டுவதற்குள் மேகம் பாதி காலியாகிவிடும். அப்படியும் ஆனி, ஆடியில் நாலு நாள் விடாமல் தூறினால், கருவேலங்காட்டுப் புற்றோரம் புற்றுக்காளான் தலைகாட்டும். காளான்களில் எனக்கு இதற்கு மேல் ஒன்றில்லை.

நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். பீமாசங்கர் காட்டில் மழை இரவில் ஒளிரும் காளானைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு மற்றதெல்லாம் மட்டம். அந்த ஒளி அழகுதான். ஆனால் டார்ச்சை அணைத்தாலே அது தெரிந்துவிடுகிறது. புற்றுக்காளானை அறியக் குனிய வேண்டும், தோண்டவும் வேண்டும்.

குடை நடுவே சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஒரு முனை இருக்கிறதே, மழையில் இறுகிய மண்ணைத் துளைத்து வருவது அதுதான். அதைவிட எனக்குப் பிடித்தது அடித்தண்டு. மண்மட்டத்தோடு நிற்காமல் மெலிந்துகொண்டே கீழே இறங்கும். சிலவற்றில் முழத்துக்கு மேலும் போகும். பக்கத்து மண்ணை மெல்ல விலக்கி முழுசாக எடுத்தால், கடைசி நுனியில் கரையான் கூட்டின் பழுப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். அதன் குழிகளில் ஊசித்தலை அளவு வெள்ளை உருண்டைகள். இதே இனத்துச் சின்ன அரிசிக்காளானுக்கு இந்த நீளத் தண்டு கிடையாது. கரையான் வெளியே தள்ளிய துணுக்கில் முளைப்பது, அது தனிக் கணக்கு.

புற்றுக்காளான்கள் சேர்ந்த டெர்மிட்டோமைசிஸ் பேரினத்தை 1942-இல் வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம். 1979-இல் நம் காளான் ஆய்வாளர் கே. நடராஜன் தென்னிந்தியக் காளான் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தார்: டெர்மிட்டோமைசிஸ் ஹைமியை. வெள்ளைக் குடை, தண்டில் தடித்த, எளிதில் கழலாத வளையம்.

இப்போது மேலிருந்து ஒரு படம் எடுத்து, செல்போனிடம் பெயர் கேட்கிறார்கள். புல்தரையில் முளைக்கும் விஷக்காளானுக்கும் வெள்ளைக் குடை உண்டு, வளையமும் உண்டு. ராத்திரி ஒரு குடையைத் தாளில் கவிழ்த்துக் கிண்ணத்தால் மூடிவைத்தால், புற்றுக்காளான் வெளிர் ரோஜாத் தூளை உதிர்க்கும். அந்த விஷக்காளானின் தூள் பச்சை. அந்த ஓர் இரவுப் பொறுமைகூட இல்லாமல் போய்விட்டது. பறிக்கிறவர்களோ கழுத்தோடு ஒடித்து, அடையாளத்தையே மண்ணுக்குள் விட்டுவிட்டு வருகிறார்கள்.

அதைவிட வயிற்றெரிச்சல், மனை போடப் புற்றுகளை இடித்துச் சமமாக்குவது. சிப்பிக்காளான் மாதிரி வைக்கோல் பையில் வளர்த்துக்கொள்ள இது இசையாது. கரையான் இருந்தால்தான் உண்டு. நாலு மனைக்கு நடுவே ஒரு புற்றை விட்டுவைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?